தொழுகைக்காக நீதிமன்றம் சென்றவர்கள்

 



2020ஆம் ஆண்டின் ரமழானைச் சற்று நினைத்துப் பாருங்கள். மினாராவிலிருந்து அதான் ஒலித்தது. ஆனால் ஸஃப்பில் நிற்க ஆளிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, ஜும்ஆ இருக்கவில்லை. வீட்டு மண்டபத்தில் தந்தை முன்னின்று ளுஹர் தொழுவித்தார். தராவீஹும் அங்கேயே நடந்தது. அன்று சிறுபிள்ளைகளாகத் தந்தையின் பின்னால் நின்றவர்கள் இன்று வாலிபர்களாக வளர்ந்துவிட்டார்கள். அவர்களுள் சிலர் கேட்கிறார்கள்: "கடைகளைத் திறந்தவர்கள் பள்ளிவாசலை மட்டும் ஏன் மூடி வைத்தார்கள்? மூடச் சொன்னதும் மூடிவிடுவதுதான் ஈமானா? எமக்கு உரிமை என்று ஒன்று இல்லையா?"

இது குற்றமான கேள்வியல்ல. பிள்ளை இவ்வாறு கேட்டால் அவனை அதட்டி அமர்த்திவிடாதீர்கள். இதே கேள்வியை ஏந்தியவாறு அந்த ஆண்டில் பல நாடுகளின் முஸ்லிம்களும், கிறிஸ்தவர்களும், யூதர்களும் நீதிமன்றப் படியேறினார்கள். சிலர் வென்றார்கள்; சிலர் வெறுங்கையுடன் திரும்பினார்கள். அவர்களின் வரலாற்றில் எமக்குப் பாடங்கள் இருக்கின்றன.

முன்னோர் கண்ட கொள்ளைநோய்

நீதிமன்றங்களுக்குச் செல்வதற்கு முன்னர் எமது சொந்த வரலாற்றை ஒரு தடவை புரட்டுவோம். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் என்னும் கொள்ளைநோய் பரவியது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஷாமை நோக்கிப் பயணித்து ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது இச்செய்தி எட்டியது. அவர்கள் உடனே கட்டளை எதனையும் இடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் கருத்து வேறுபட்டார்கள். அன்ஸார்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களும் கருத்து வேறுபட்டார்கள். பின்னர் குறைஷியரின் மூத்தோரைக் கேட்டு, திரும்பிச் செல்வதென்று முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்பவர் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிவழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வந்து அறிவித்தபோது, எடுத்த முடிவு சரியானதே என்று கலீஃபா அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

இன்னொரு சம்பவம் கெய்ரோவில் நிகழ்ந்தது. ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தம் மகள்மார் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். நோய் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதினார். ஹிஜ்ரி 833இல், அதாவது கி.பி. 1430இல், கெய்ரோவில் நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு நாற்பது பேருக்கும் குறைவானவர்களே இறந்தார்கள் என்றும், மக்கள் மூன்று நாட்கள் நோன்பிருந்து, பாலைவெளியில் பெருங்கூட்டமாகத் திரண்டு துஆச் செய்து திரும்பிய பின்னர், அம்மாதம் முடிவதற்குள் இறப்பு நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டியது என்றும் அதில் பதிவு செய்துள்ளார். துஆவின் மகத்துவத்தில் அந்த இமாமுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆயினும், கண்ணால் கண்டதை மறைக்காமல் எழுதினார். மார்க்க அறிஞரின் நேர்மை அது.

எனவே, உயிரைக் காக்கக் கூட்டத்தைத் தவிர்ப்பது எமக்கு அந்நியமான கருத்தல்ல. கடும் மழை நாளில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அதானில் அறிவிக்கச் செய்த இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் செயலை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அப்படியாயின் நீதிமன்றம் சென்றவர்கள் தவறு செய்தார்களா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் வழக்குகளைப் பார்ப்போம்.

ஜேர்மனியின் இரு தீர்ப்புகள்

2020 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. ஜேர்மனியின் ஹெஸ்ஸ மாநிலத்தில் ஆராதனைக் கூட்டங்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. ஈஸ்டர் ஆராதனைக்கு வழிவிடுமாறு கத்தோலிக்கர் ஒருவர் கார்ல்ஸ்ரூஹ நகரிலுள்ள சமஷ்டி அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினார். மத சுதந்திரத்தின் மீது இத்தடை மிகப் பாரதூரமான தலையீடு என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எனினும், மனித உயிரின் பாதுகாப்பு அதைவிடக் கனமானது என்று கூறி விண்ணப்பத்தை மறுத்தது. அத்துடன் ஒரு நிபந்தனையையும் பதிவு செய்தது: இத்தடை ஏப்ரல் 19 வரைக்குமே உரியது; நீடிப்பதாயின், அது இன்னும் தேவைதானா என்று ஒவ்வொரு முறையும் கடுமையாக ஆராய வேண்டும்.

பத்தொன்பது நாட்கள் கழிந்தன. இம்முறை அதே நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது கீழ் சாக்சனி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சங்கம். ரமழான் தொடங்கிவிட்டது, எஞ்சிய வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழ அனுமதி வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. லூனபேர்க் நகரின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஏப்ரல் 23இல் மறுத்துவிட்டது. அவர்கள் தெருவில் இறங்கவில்லை. இரகசியமாக ஜமாஅத் நடத்தவுமில்லை. மேன்முறையாக கார்ல்ஸ்ரூஹ சென்றார்கள்.

அவர்கள் கையில் கொண்டு சென்றது வெறும் கண்ணீர் மனுவல்ல, ஒரு திட்டம். எமது பள்ளிவாசலில் முந்நூறு பேர் தொழலாம். ஆனால் ஒரு வேளைக்கு இருபத்து நான்கு பேருக்கு மேல் சேர்க்கமாட்டோம். தேவையாயின் பல ஜும்ஆக்கள் நடத்துவோம்; அதற்கு மார்க்க அனுமதியும் பெற்றுள்ளோம். தரையில் இடைவெளிக் குறியிடுவோம். எல்லோரும் முகக்கவசம் அணிவார்கள். வாசலில் நெரிசல் ஏற்படாதவாறு உறுப்பினர்களைத் தனித்தனியாக அழைப்போம். பாடலில்லை, சத்தமாக ஓதுபவர் இமாம் ஒருவரே.

இந்தக் கடைசி விடயத்தைக் கவனியுங்கள். கடைகளில் மக்கள் வந்து பொருள் வாங்கிப் போகிறார்கள். வழிபாட்டிலோ ஒன்றாக அமர்ந்து உரத்துப் பாடுவதாலும் ஓதுவதாலும் தொற்று அதிகரிக்கும் என்பதே கீழ் நீதிமன்றத்தின் அச்சம். அந்த அச்சத்தை அவர்கள் ஏளனம் செய்யவில்லை. எமது தொழுகையின் அமைப்பு இது, இதில் அந்த ஆபத்து எவ்வளவு என்று நீங்களே பாருங்கள் என்று விளக்கினார்கள்.

ஏப்ரல் 29இல் தீர்ப்பு வந்தது. எந்தச் சூழ்நிலையிலும் விதிவிலக்கே வழங்க முடியாது என்ற முழுமையான தடையை ஏற்க முடியாது. சுகாதார அதிகாரிகளுடன் கலந்து ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பரிசீலிக்கும் வழி இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. பள்ளிவாசல்கள் அனைத்தையும் திறந்துவிடுமாறு அது கட்டளையிடவில்லை. கதவு முழுவதாகத் திறக்கவில்லை. ஆனால் பூட்டுக்கு ஒரு திறப்பு கிடைத்தது.

தோற்றவர்களின் கதை

மறுநாள், ஏப்ரல் 30இல், தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா மேல் நீதிமன்றம் வேறொரு தீர்ப்பை வழங்கியது. அங்கு ஓர் இஸ்லாமிய நிலையமும் வேறு மனுதாரர்களும் பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகைக்கு விதிவிலக்குக் கேட்டிருந்தார்கள். நாட்டில் மார்ச் 27 முதல் கடுமையான முடக்கம் அமுலில் இருந்தது. அனைத்து மக்களும் தியாகம் செய்யும் வேளையில் இக்கட்டுப்பாடு நியாயமானதே என்று கூறி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

மே 21இல் இங்கிலாந்தில் மற்றொரு வழக்கு. பிரட்போர்ட் நகரப் பள்ளிவாசல் ஒன்றின் நிர்வாகத் தலைவர், ரமழானின் இறுதி வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், இடைவெளி பேணி ஜும்ஆ நடத்த இடைக்கால அனுமதி கோரினார். மத சுதந்திரத்தில் தலையீடு உண்டு என்பதை நீதிபதி ஏற்றார். எனினும் நோயின் நிலை, தடை தற்காலிகமானது என்பது, வழிபாட்டிடங்களை மீளத் திறப்பது குறித்து அரசு ஏற்கனவே ஆராய்ந்துகொண்டிருந்தமை ஆகியவற்றைக் கருதி அனுமதி மறுத்தார். அந்த ஜும்ஆ தவறியது. ஜூன் 13இல் தனித் தொழுகைக்கும், ஜூலை 4இல் கூட்டுத் தொழுகைக்கும் இங்கிலாந்தில் கதவுகள் திறந்தன.

ஒரே ரமழான், ஒரே தொழுகை, மூன்று நீதிமன்றங்கள், இரு வகையான விடைகள். ஆனால் மூன்று நீதிமன்றங்களும் கேட்ட கேள்விகள் பெரிதும் ஒன்றே. தடையின் நோக்கம் உயிர் காப்பதா? அந்நோக்கத்தை இதனிலும் இலேசான வழியில் அடைய முடியுமா? இது எவ்வளவு காலத்திற்கு? நோயின் நிலைமை இன்று என்ன?

ஐக்கிய அமெரிக்காவில் நடந்தது மற்றொரு கேள்வியைக் கூர்மையாக்கியது. 2020 மே 29இல் கலிபோர்னியத் தேவாலயம் ஒன்றின் விண்ணப்பத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என மறுத்தது. பின்னர் நியூயோர்க் மாநிலம், நோய் மிகுந்த சிவப்பு வலயத்தில் பத்துப் பேர், செம்மஞ்சள் வலயத்தில் இருபத்தைந்து பேர் என்று வழிபாட்டிடங்களுக்கு எல்லை விதித்தது. புரூக்ளின் கத்தோலிக்க மறைமாவட்டமும் அகுதாத் இஸ்ரயேல் என்னும் யூத அமைப்பும் வழக்குத் தொடுத்தன. நவம்பர் 25இல் அதே நீதிமன்றம் அதே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவ்வெல்லைகளை இடைநிறுத்தியது. ஆயிரம் பேர் அமரக்கூடிய தேவாலயத்துக்கும் பத்து என்ற எல்லை. அதே வலயத்தில் அத்தியாவசியம் எனப்பட்ட வணிக நிலையங்களுக்கோ எல்லையே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வே பெரும்பான்மையின் காரணம். இடையில் ஒரு நீதிபதி காலமாகி, புதியவர் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்றமும் மனிதர்களால் ஆனதே. இறுதித் தீர்ப்பு மறுமை நாளின் அதிபதியிடமே உள்ளது.

எமது மண்ணின் காயம்

அன்பின் சகோதரர்களே, சகோதரிகளே! எமது நாட்டில் 2020 மார்ச்சில், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் வழிகாட்டலை ஏற்று, பள்ளிவாசல்களில் ஜும்ஆவையும் ஜமாஅத்தையும் நிறுத்தி வைத்தோம். உயிர் காக்கும் பணி என்று மனமுவந்து ஏற்றோம். ஆனால் ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும் எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடிப்படை உரிமை மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. டிசம்பர் 1இல், காரணம் கூறப்படாமலேயே, பெரும்பான்மைத் தீர்மானத்தின் மூலம் அவை தள்ளுபடி செய்யப்பட்டன.

அன்று பலர் மனமுடைந்தார்கள். ஆயினும் பொறுமையை இழக்கவில்லை. குரல் தொடர்ந்து எழுந்தது. பிற மதத்தவர்களும் அக்குரலில் இணைந்தார்கள். 2021 பெப்ரவரி 25இல் புதிய வர்த்தமானி அடக்கத்துக்கு அனுமதி வழங்கியது. மார்ச் மாதம் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குள் வைக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவை திரும்பவில்லை. ஆனாலும், நாம் கேட்டது நியாயமே என்பது எழுத்தில் பதிவானது.

பள்ளிவாசலை மூடியதையும் ஜனாஸாவை எரித்ததையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முன்னையது நோயின் தன்மையால் எழுந்தது, எல்லா மதத்தவர்க்கும் பொதுவானது, தற்காலிகமானது. பின்னையதை அறிவியல் வழிகாட்டல் கோரவில்லை. ஒருமுறை எரித்த உடலை மீட்கவும் வழியில்லை. எதற்குப் பணிவது, எதை எதிர்த்து நிற்பது என்று பிரித்தறியும் தராசு இதுவே.

நாம் கற்க வேண்டியவை

இளைஞனே, உரிமையைக் கேட்பது ஈமானுக்கு முரணல்ல. ஆனால் கேட்கும் முறை உண்டு. அறிவைக் கொண்டு கேள். மற்றவரின் அச்சத்தை மதித்து, அதற்கு விடை வைத்துக்கொண்டு கேள். இருபத்து நான்கு பேர் என்று எழுதிக் கொடுத்த அந்த ஜேர்மனிய முஸ்லிம்களைப் போன்று, உன் மீது நீயே நிபந்தனை விதித்துக்கொண்டு கேள். தீர்ப்பு பாதகமாக வந்தால் சட்டத்தை மீறாதே. அடுத்த வாசலைத் தட்டு. உன்னால் நோயுறக்கூடிய அயலவன் எம்மதத்தவனாயினும் அவன் உயிர் உன்னிடமுள்ள அமானிதம் என்பதை மறவாதே.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்குச் சட்டத்தைப் படிக்கச் செய்யுங்கள். மருத்துவத்தையும் படிக்கச் செய்யுங்கள். நாளை ஒரு நோய் வரும்போது, சுகாதார அதிகாரியின் மேசையிலும் நீதிமன்றத்தின் வாதத்திலும் மார்க்கம் அறிந்த ஒருவர் இருந்தால், காயங்கள் குறையும். அதுவரை, அந்த ரமழானில் வீட்டையே பள்ளிவாசலாக்கிய பழக்கத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். கதவு மூடியிருந்தபோது அழுதவர்கள், கதவு திறந்திருக்கும் இன்று ஃபஜ்ருக்கு எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சிந்தித்துப் பாருங்கள்.

யா அல்லாஹ்! அக்காலத்தில் எம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு, மண்ணில் உறங்குவோருக்கும் சாம்பலாக்கப்பட்டோருக்கும், உனது உயர்ந்த சுவனத்தை வழங்குவாயாக. எமது நாட்டில் நீதியையும் நோயற்ற வாழ்வையும் நிலைக்கச் செய்வாயாக. ஆமீன்.