கசப்புக்குக் கிடைத்த மதிப்பு
வெரோனாவின் உலர்திராட்சை வைன்: ஒரு வரலாற்று நோக்கு

திராட்சையை உலர்த்தி மது வடிக்கும் முறை மத்தியதரைக் கடற் பிரதேசத்தின் மிகப் பழைய நுட்பங்களுள் ஒன்றாகும். கார்த்தேஜ் நகரத்து மாகோ என்பார் கூறிய இம்முறையை உரோம எழுத்தாளரான கொலுமெல்லா கி.பி. முதலாம் நூற்றாண்டில் தமது வேளாண்மை நூலில் எடுத்துரைத்துள்ளார். கி.மு. 146இல் உரோமர் அழித்த நகரொன்றின் அறிவு அவர்தம் நூலிலேயே நிலைபெற்றமை கருதத்தக்கது.

வட இத்தாலியின் வெரோனாப் பகுதியைப் பொறுத்தவரை 6ஆம் நூற்றாண்டுக்குரிய தெளிவான சான்று உண்டு. கொத்திய அரசின் உயர் அமைச்சரான கசியோதோருஸ், அரச உணவு மேசைக்கென அங்குள்ள செந்நிற மதுவைப் பெற்றனுப்புமாறு பணித்துக் கடிதம் வரைந்தார். தெரிந்தெடுத்த குலைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குளிர்காலத்திற் பிழியும் முறை அதில் விவரிக்கப்படுகின்றது.

வெரோனாவை அடுத்த வல்பொலிச்செல்லா மலைச்சாரலில் இம்முறை இன்றும் பயிலப்படுகின்றது. கொர்வீனா, ரொண்டினெல்லா முதலிய பழங்கள் ஏறக்குறைய மூன்று, நான்கு மாதங்கள் காற்றோட்டமான பரண்களில் உலர்த்தப்படுகின்றன. பட்டுப்புழு வளர்ப்பிற் பயன்பட்ட நாணற்தட்டுகளே முன்னர் இதற்கும் உதவின. பழத்தின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை நீராகக் குறைய, இனிப்பும் சாரமும் செறிவடைகின்றன. ஆயின் மதுவின் அளவு சுருங்குகின்றது. பூஞ்சணம் பிடிப்பின் உழைப்பனைத்தும் வீணாகும். எனவே இது எளியோரின் அன்றாடப் பானமாக அமைதல் அரிதாயிற்று.

குளிரில் நொதித்தல் இடையில் நின்றுவிட, எஞ்சிய சர்க்கரையால் இனிக்கும் மது ‘ரெச்சோத்தோ’ எனப்பட்டது. குலையின் மேற்பக்கத்துக் கிளைகளைக் ‘காது’ எனக் குறிக்கும் வட்டார வழக்கிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். சர்க்கரை முழுவதும் நொதித்து மாறிவிடின் மது இனிப்பை இழந்தது. இனிப்பையே வேண்டியோருக்கு இது குறைபாடாகவே தோன்றியது. கசப்பைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்த ‘அமரோனே’ என்ற பெயரே அம்மதிப்பீட்டின் எச்சமாகும்.

1936இல் கூட்டுறவு மதுச்சாலையொன்றில் மறக்கப்பட்ட பீப்பாயிலிருந்து அமரோனே தற்செயலாகக் கண்டறியப்பட்டது எனக் கதையொன்று வழங்குகின்றது. ஆயினும் 18ஆம் நூற்றாண்டிலேயே வெரோனா அறிஞர் சிப்பியோனே மாஃபெயி அப்பகுதியின் இனிப்பற்ற மதுவைக் குறிப்பிட்டுள்ளார். ஆதலின் 1936இற் புதிதாகத் தோன்றியது மதுவன்று. அதற்கான பெயரும் மதிப்புமேயாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவோடு அருந்தும் இனிப்பற்ற மதுவுக்குச் சந்தை விரிந்தது. 1968ஆம் ஆண்டு விதிகளில் ரெச்சோத்தோவின் ஒரு வகையாகவே இடம்பெற்ற அமரோனே, 1990இல் தனிப் பெயருரிமை பெற்றது; 2010இல் இத்தாலியின் மிகவுயர்ந்த தரநிலையை எய்தியது. இன்று புகழில் அது தன் தாய்மதுவை விஞ்சி நிற்கின்றது.

ஆகவே, மரபு எனப்படுவது மாறாத பழமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. உலர்த்தும் கை பெரிதும் மாறவில்லை. சுவைக்கும் சமூகமும் அதன் சந்தையும் மாறின. முன்னர் குறையெனப்பட்டதைச் சிறப்பென நிறுவியது அம்மாற்றமேயாகும்.