கிணற்றின் விலை

ஒரு கிணற்றுக்கு என்ன விலை? வெட்டின கூலி, கட்டின கல், வைத்த மோட்டார் என்று எவரும் சொல்லிவிடலாம். அந்தக் கிணறு கெட்டுப்போனால் என்ன நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். கணக்குப்பிள்ளை அங்கேதான் பேனாவைக் கீழே வைப்பார்.

திண்டுக்கல் என்றதும் நமக்குப் பூட்டும் புகையிலையும் நினைவுக்கு வரும். தோல் ஷாப்புகளும் அவ்வூரின் பழைய சொத்துதான். ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். வேலை முடிந்ததும் உப்பையும் ரசாயனத்தையும் சுமந்துகொண்டு வெளியேறுகிற அந்தத் தண்ணீர், மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறங்கிற்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களைத் தொண்டு நிறுவனத்தார் சுற்றிப் பார்த்தார்கள். குடிக்கவும் பாசனத்துக்குமாக இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன.

இந்த எண்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. பாலாற்றுக்காக வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தபோது, திண்டுக்கல் கிணறுகளும் சாட்சி சொல்லின. கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். திண்டுக்கல் உள்பட ஐந்து மாவட்டங்களில் தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அது போக, ஜனங்களின் நஷ்டம் ஒரு பத்தி, மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவு இன்னொரு பத்தி என்று கணக்கெழுத ஓர் ஆணையமும் ஏற்பட்டது. 2001-ல் வேலூர்ப் பக்கத்துக் கணக்கு முடிந்தது: 547 ஆலைகள், 29,193 பேர், சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது. தொகை சிறிதுதான், ஆனால் கொடுப்பவன் யார், வாங்குபவன் யார் என்று ஏட்டில் ஏறிவிட்டது.

தண்ணீர் பள்ளத்தை நாடும். ஆகையால் விரலை நீட்டிச் சொல்ல முடிந்தது. புகைக்கு மேடுமில்லை, பள்ளமுமில்லை. நிலக்கரி எரிந்து எழும் கரியமிலவாயு உலகத்து வானமெல்லாம் கலந்துவிடுகிறதே, அதற்கு யார் பேரில் பற்றெழுதுவது?

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் காலஹன், மான்கின் என்ற இருவர் 2022-ல் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். ஒரு தேசத்தின் புகையை மட்டும் நீக்கிவிட்டால் பூமியின் உஷ்ணம் எவ்வளவு குறைந்திருக்கும், அப்போது ஒவ்வொரு தேசத்தின் வருமானமும் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். குளிர் தேசங்கள் சிலவற்றுக்கு உஷ்ணத்தால் லாபம்கூட உண்டு. அடி முழுவதும் வெயில் தேசங்களுக்குத்தான். 1990 முதல் 2014 வரை அமெரிக்காவும் சீனாவும் தலா 1.8 லட்சம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம் உண்டாக்கின. அமெரிக்கப் புகையால் மட்டும் இந்தியா இழந்தது சுமார் 25,700 கோடி டாலர். ஏட்டைப் புரட்டினால், நம் புகையால் உலகம் இழந்தது 50,000 கோடி டாலருக்கு மேல்! கடன்பட்டவரும் நாமே, கடன் கொடுத்தவரும் நாமே.

கணக்கைக் குறை சொல்ல வரவில்லை. பேரெழுதாத நஷ்டத்தை எவனும் கொடுக்கமாட்டான். ஆனால் 'இந்தியா' என்று ஒரே பேராக எழுதினால், ஆலை முதலாளியும் அடுத்த காட்டுச் சம்சாரியும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறார்கள். திண்டுக்கல் கிணறுகள் அந்த இருவரையும் பிரித்துக் காட்டின. நாளைக்கு இந்தியாவுக்கு நஷ்டஈடு வந்தால் அந்தச் சம்சாரியின் வாசலுக்கு வருமா? இந்தியா கொடுக்க நேர்ந்தால், அவன் மடியிலிருந்துதான் எடுப்பார்களா?