கைப்பேசியே வகுப்பறை: ஆஷா பணியாளர்களுக்கான ‘மொபைல் அகாடமி’ இயங்குவது எப்படி?

கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் பச்சிளம் குழந்தைகளையும் கவனிக்கும் ஆஷா பணியாளர்களுக்கு, ஊரை விட்டு நீங்காமலேயே பயிற்சி அளிக்கும் திட்டம் ‘மொபைல் அகாடமி’. இதற்கு ஸ்மார்ட்போனோ இணைய இணைப்போ தேவையில்லை. அழைப்பு வசதியுள்ள சாதாரண கைப்பேசியே போதும்.

தேவை ஏன்?

2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ், ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஆஷா பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர். நிலையான ஊதியம் பெறும் அரசு ஊழியர்களாக அன்றி, ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்களாகவே இவர்கள் கருதப்படுகின்றனர். வகுப்பறைப் பயிற்சிக்காக இவர்கள் வெளியூர் செல்லும் நாள்களில் கிராமத்தில் பணி தடைபடும். பயிற்சியில் கற்றதை நினைவூட்டவும் ஆள் இருப்பதில்லை.

செயல்படும் விதம்

பிபிசி மீடியா ஆக்ஷன் அமைப்பு, பிகார் அரசுடன் இணைந்து 2012-இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் இதனைப் பிற மாநிலங்களுக்கு விரிவுபடுத்தியது. குறிப்பிட்ட எண்ணை அழைத்தால், ‘டாக்டர் அனிதா’ என்னும் கற்பனைப் பாத்திரத்தின் குரலில் பாடம் ஒலிக்கும். மொத்தம் 240 நிமிடங்கள் கொண்ட இப்பயிற்சி 11 அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கேள்விகளுக்குக் கைப்பேசியின் எண் விசைகளை அழுத்தி விடையளிக்க வேண்டும். இடையில் அழைப்பைத் துண்டித்தாலும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை. தேர்ச்சி பெறுவோருக்குச் சான்றிதழ் வழங்கப்படும்.

பயிற்சியும் பணிக்கருவியும்

இதனுடன் பிகாரில் அறிமுகமான ‘மொபைல் குஞ்சி’ வேறு வகையானது. இது 40 படஅட்டைகளைக் கொண்ட தொகுப்பு. ஆஷா பணியாளர், அட்டையில் உள்ள எண்ணை அழைத்து, அதற்குரிய ஒலிக்குறிப்பைக் குடும்பத்தினர் முன்னிலையிலேயே ஒலிக்கச் செய்யலாம். முன்னது பணியாளர் தாமே கற்பதற்கு. பின்னது பணியின்போதே பயன்படுத்துவதற்கு. கைப்பேசி வழிக் கல்வியின் இரு முக்கியப் பயன்பாடுகளும் இவையே.

வரம்புகள்

குரல்வழிப் பாடம், எதைச் சொல்ல வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பதைக் கற்பிக்கும். குழந்தையைச் சரியாக எடை போடுவது போன்ற கைப்பழக்கத்தை நேரடிப் பயிற்சியே தரும். ஆகவே, இது வகுப்பறைக்குத் துணையே அன்றி மாற்று அல்ல.

அரசு ஊழியர்களுக்கான ‘ஐகாட் கர்மயோகி’, ஆசிரியர்களுக்கான ‘தீக்ஷா’ ஆகிய தளங்கள் இணையத்தைச் சார்ந்தவை. ஆனால், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடையவர்கள் சுமார் 54 சதவீதத்தினரே. இந்த இடைவெளி இருக்கும்வரை, எளிய கைப்பேசியில் இயங்கும் பயிற்சிக்கான தேவையும் தொடரும்.