குறி சொன்ன நீர்

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைப்பார்கள். வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் போனை எடுத்துத் தேடுவார்கள். கதை இதுதான்: கருப்பமுத்துப் பிள்ளை என்றொரு பக்தர் மலைக்கு வரும் வழியில் புயல் மழையில் மாட்டிக்கொண்டார். ஆற்றில் வெள்ளம். குளிரில் நடுங்கியவருக்கு ஒரு சுருட்டு கிடைத்தால் போதும் என்றிருந்தது. யாரோ ஒருவர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, கோயில்வரை கூட்டிவந்துவிட்டு மறைந்துபோனார். வந்தது முருகன். பிற்பாடு புதுக்கோட்டை மன்னர் இந்தப் படையலைத் தடுத்தாராம். சாமி கனவில் வந்து கேட்டதும் தடையை நீக்கிவிட்டாராம்.

இந்தக் கதையை எனக்குச் சொன்ன தாத்தாவின் வாயிலும் சுருட்டு இருந்தது. "சாமியே குடிக்கிறாரு, நமக்கென்னடா" என்பார்.

தாத்தாவுக்குச் சிறுநீர் முதல்முறை சிவப்பாகப் போனது ஒரு பங்குனியில். வலியில்லை, எரிச்சலில்லை. "சூடு பிடிச்சிருக்கு" என்று அவரே முடிவு செய்து இளநீரும் சீரகத் தண்ணியும் குடித்தார். இரண்டு நாளில் நின்றுபோனது. அடுத்து ஆடியில் வந்தது, அதுவும் நின்றது. வேட்டியில் கறையைப் பார்த்து அப்பத்தா கேட்டபோது, வெற்றிலைச் சாறு என்றார். வீட்டுக்குத் தெரியவரும்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திருச்சியில் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டது என்றார். அவர் சொன்ன இன்னொரு வாக்கியம்தான் என்னை விடவேயில்லை: "முதல் தடவை சிவப்பா போனப்பவே வந்திருந்தா சுரண்டி எடுத்திருக்கலாம்."

தாத்தா போன பிறகு, சிறுநீரைப் படித்தவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது நம் பக்கத்திலேயே தொடங்கியது. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகள் உண்டு. காலைச் சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தையும் பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் வளைந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் என்று சொல்வது நெய்க்குறி. எங்களூர்க் குறவஞ்சியில் குறத்தி கையைப் பார்த்துக் குறி சொல்வாள். இவர்கள் குவளையைப் பார்த்துச் சொன்னார்கள். எண்ணெய்த் துளியால் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உடம்பு தன் சேதியைச் சிறுநீரில் எழுதி அனுப்புகிறது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

அந்தச் சேதியை நுண்ணோக்கியில் படித்தவர்களில் முன்னோடி, பிராக் நகரத்து மருத்துவர் லாம்பிள். 1856இல் சிறுநீரில் மிதந்த புற்றணுக்களை விவரித்தார். புற்று எதனால் வருகிறது என்ற கேள்விக்கு முதல் துப்பு 1895இல் கிடைத்தது. பிராங்க்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்ஸின் என்ற செஞ்சாயம் தயாரித்த 45 தொழிலாளர்களில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்ததைக் கண்டார். 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர் குழு, சாயத் தொழிலில் புழங்கும் பீட்டா நாப்தைலமின் நாய்களுக்கு அதே புற்றை உண்டாக்கும் என்று காட்டியது.

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே வேதிப்பொருள் புகையிலைப் புகையிலும் இருக்கிறது. புகை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது, கல்லீரலில் உருமாறுகிறது, சிறுநீரகம் வடிகட்டிப் பைக்கு அனுப்புகிறது. அங்கே மணிக்கணக்கில் தேங்கி உட்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. சிகரெட் மட்டுமல்ல, சுருட்டும் இதற்கு விலக்கில்லை. ஆங்கிலத்துக்கு 'செரூட்' என்ற சொல்லையே கொடுத்தது நம்முடைய சுருட்டு. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் சாம்பலை வைத்தே அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார். தாத்தா உதிர்த்த சாம்பலில் அப்படித் துப்புத் தேட வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

1945இல் பாபனிகோலாவும் மார்ஷலும் சிறுநீர் வண்டலைக் கண்ணாடியில் பூசிப் புற்றணுக்களைத் தேடும் முறையை வெளியிட்டார்கள். கருப்பைவாய்ப் புற்றைக் கண்டறியும் 'பாப்' சோதனை இதே பாபனிகோலாவின் பெயரால் வந்ததுதான். சிறுநீர்ச் சோதனை மூர்க்கமான கட்டிகளை நன்றாகப் பிடித்தது. மெதுவாக வளரும் கட்டிகளின் அணுக்களோ ஆரோக்கியமானவை போலவே இருப்பதால் தப்பித்தன. அதனால் பயோமார்க்கர்களைத் தேடினார்கள். தமிழில் உயிர்க்குறி எனலாம். 1990களில் என்எம்பி 22 போன்ற புரதச் சோதனைகள் வந்தன. 2001இல் குரோமோசோம் 3, 7, 17 ஆகியவற்றின் எண்ணிக்கையையும் 9இன் ஒரு துண்டையும் ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் கல் இருந்தாலும் கிருமித்தொற்று இருந்தாலும் புரதச் சோதனைகள் பொய்யாக மணி அடித்துவிடும்.

ஆகப் பெரிய ஆச்சரியம் ஈரானிலிருந்து வந்தது. கோலெஸ்தான் பகுதியில் 2004 முதல் 2008 வரை ஏறத்தாழ 50,000 பேரை ஓர் ஆய்வில் சேர்த்து, சிறுநீரையும் வாங்கிச் சேமித்திருந்தார்கள். பின்னாளில் சிறுநீர்ப்பைப் புற்று வந்தவர்களின் பழைய மாதிரிகளில் டெர்ட் என்ற மரபணுவின் திரிபைத் தேடினார்கள். 2020இல் வந்த முடிவு: கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் அந்தத் திரிபு முன்பே இருந்தது. சிலருக்கு நோய் தெரிவதற்குப் பத்து வருஷம் முன்பே. நோய் வராத ஒப்பீட்டாளர்கள் யாரிடமும் இல்லை.

பத்து வருஷம் முன்பு என்றால் தாத்தா என்னைத் தோளில் வைத்து மலைப்படி ஏறிக்கொண்டிருந்த காலம்.

ஆனாலும் அந்தச் சோதனை மீதிப் பாதிப் பேரைத் தவறவிட்டது. சிறுநீர்ப்பைப் புற்று பரவலான நோயும் அல்ல. ஊரையே சோதித்தால் சரியான எச்சரிக்கையைவிடப் பொய்யானதே அதிகம் வரலாம். குழாய்க் கேமராவை எந்தச் சிறுநீர்ச் சோதனையும் இன்னும் ஓய்வுக்கு அனுப்பவில்லை. இன்றைக்கும் பெரும்பாலானவர்களுக்கு முதல் குறி, வலியில்லாமல் வரும் ரத்தம்தான். அது தானாக நின்றுவிடும் என்பதுதான் அதன் வஞ்சகம். தாத்தாவைப் பொறுத்தவரை ஒருமுறை இளநீர் நிறுத்தியது, ஒருமுறை முருகன் நிறுத்தினார். அந்தக் குறியைப் படிக்க ஆய்வகம் வேண்டாம். யாரிடமாவது சொன்னால் போதும். எங்கள் வீட்டில் சாப்பாடு, கடன், கல்யாணம் எல்லாம் பேசுவோம். ஒண்ணுக்குப் போவதைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

போன தைப்பூசத்துக்கு அப்பாவோடு மலையேறினேன். அவரும் முப்பது வருஷம் புகைத்தவர், இப்போது விட்டுவிட்டார். பாதிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். கீழே பாறையில் இரண்டு மயில்கள். கூச்சமாக இருந்தாலும் கேட்டேவிட்டேன். "அப்பா, ஒண்ணுக்கு நிறம் மாறாமப் போகுதா?"

மயில்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். "நல்லாத்தான் போகுது" என்றார். அப்புறம், "எங்கப்பாவை நான் இப்படிக் கேட்டதில்லடா."