வங்காளமும் பங்களாவும்

மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் பிஷ்ணுபூர் என்றொரு சிறு நகரம். அங்கே கேஷ்ட ராய் என்ற கிருஷ்ணன் கோயிலுக்கு வழி கேட்டால் சிலர் யோசிப்பார்கள். 'ஜோர் பாங்லா' என்றால் சைக்கிள் ரிக்‌ஷாக்காரரும் உடனே ஏறிக்கொள்ளச் சொல்வார். அந்தப் பெயர் முதல்முறை என் காதில் விழுந்தபோது 'பங்களா' என்றுதான் கேட்டது. கிருஷ்ணன் கோயிலுக்குப் பங்களா என்று ஏன் பெயர் வைத்தார்கள்? அன்று தொடங்கிய தேடல் என்னைப் போளூர்ப் பக்கத்துக் குன்று வரை கொண்டுவந்து சேர்த்தது.

முதலில் கோயிலைப் பார்த்துவிடுவோம். 1655இல் மல்ல மன்னர் ரகுநாத சிங்கர் கட்டியது. கல்வெட்டில் மல்லர்களின் சொந்த ஆண்டுக்கணக்கில் 961 என்றிருக்கும். அதோடு 694ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டு குடிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிற்பது போலிருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சரியும் இரட்டைச் சாய்ப்புக் கூரை. இரண்டும் சேரும் இடத்தில், உச்சியில் நாலு சாய்ப்போடு ஒரு சின்னச் சிகரம். முன் குடிசைதான் மூன்று வளைவுகள் கொண்ட முகமண்டபம். பின் குடிசை கருவறை. முகடு நேர்கோடாக இல்லை, நடுவே மேலெழுந்து இரு முனையிலும் தாழ்கிறது. இறவாரமும் அதே வளைவில் இறங்குகிறது. கூரை உட்பட எல்லாம் செங்கல்.

'ஜோர்' என்றால் இணை. நாம் செருப்புக்கும் மாப்பிள்ளை பெண்ணுக்கும் சொல்கிற 'ஜோடி' இதன் உறவுச் சொல். 'பாங்லா' என்றால் இந்த இரட்டைச் சாய்ப்புக் குடிசை. ஆக, ஜோர் பாங்லா என்பது ஜோடிக் குடிசை. வங்காளக் கோயில்களின் பெயர்கள் பெரும்பாலும் கூரையைத்தான் எண்ணுகின்றன. 'சாலா' என்றால் சாய்ப்பு: தோசாலாவுக்கு இரண்டு, சார்சாலாவுக்கு நான்கு, ஆட்சாலாவுக்கு எட்டு. மேலே கோபுரங்கள் முளைத்தால் அவை 'ரத்னம்': ஏகரத்னம், பஞ்சரத்னம், நவரத்னம் என்று இருபத்தைந்து வரை போகும். முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பரநகரில் ராணி பவானி காலத்துக் கோயில் ஒன்று, ஒரு முற்றத்தைச் சுற்றி நான்கு குடிசைகளாக நிற்கிறது; அதன் பெயர் சார் பாங்லா, நாலு பங்களா. எந்தக் கடவுள், எந்த மன்னர் என்பதைவிட எந்த வீடு என்பதே பெயரில் நிற்கிறது. இந்தப் பெயரிடும் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சாமிக்கும் நம்மைப் போல ஒரு கூரைதான் என்று ஊர் நினைத்திருக்கிறது.

சரி, குடிசைக்கு நாட்டின் பெயர் எப்படி வந்தது? ஒரு பொருள் பிறந்த ஊரில் அதற்கு ஊர்ப்பெயர் வைப்பதில்லை. வெளியார்தான் அப்படி அழைப்பார்கள். மணப்பாறையில் அது வெறும் முறுக்கு. வெளியே வந்தால்தான் மணப்பாறை முறுக்கு. வங்காளத்துக் குடிசையும் வெளியார் வாயில்தான் 'வங்காளம்' ஆகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிறகு அந்தப் பெயர் ஊருக்கே திரும்பி, கோயிலின் மேல் ஏறிக்கொண்டது.

வெளியாரில் ஒருவர் அக்பரின் அவையிலிருந்த அபுல் பசல். வங்காளத்தில் மூங்கிலால் வீடு கட்டுகிறார்கள், அவற்றில் சிலவற்றுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேலும் செலவாகும், நெடுநாள் நிலைக்கும் என்று அயினி அக்பரியில் எழுதிவைத்தார். 16ஆம் நூற்றாண்டில் ஐயாயிரம் ரூபாய்! நாட்டின் பெயருக்கும் அவரே ஒரு விளக்கம் தருகிறார்: பழைய பெயர் வங்கம்; வெள்ளத்தைத் தடுக்க மன்னர்கள் எழுப்பிய மண்கரைக்கு 'ஆல்' என்று பெயர்; இரண்டும் சேர்ந்து வங்காளம். சொல்லாய்வாளர் எல்லாரும் இதை ஏற்பதில்லை. ஆனால் அந்த நாட்டை நினைத்ததும் தண்ணீர்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதை இந்த விளக்கமும் காட்டிவிடுகிறது.

அவருக்கு ஐந்நூறு ஆண்டுக்கும் முன்பே ஒரு தமிழ்க் கல்வெட்டு இதையே சொல்லிவிட்டது. போளூருக்கு அருகில் திருமலை என்னும் சமணக் குன்றில், சுமார் 1025இல் வெட்டிய ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி இருக்கிறது. கங்கைப் படையெடுப்பில் வென்ற நாடுகளின் வரிசையில் 'வங்காளதேசம்' வருகிறது. அதற்குக் கொடுத்திருக்கும் அடைமொழி மழை ஓயாத நாடு என்பதுதான். நாட்டின் பெயரைச் சொல்லும் பழைய சான்றுகளில் ஒன்று நம் மொழியில், நம் குன்றில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கல்வெட்டு தக்கணலாடம், உத்தரலாடம் என்ற இரண்டு நாடுகளை வங்காளதேசத்திலிருந்து பிரித்தே சொல்கிறது. லாடம் என்பது இன்றைய ராட் வட்டாரம். பிஷ்ணுபூரின் செம்மண் நிலம் அதைச் சேர்ந்தது. வங்காளதேசம் என்று சோழர் சொன்னது கிழக்கே, ஆறுகள் கடலில் கலக்கும் பகுதியை. அந்தச் சிறு நாட்டின் பெயர் முழு நிலத்துக்கும் பரவியது பின்னால்தான். 14ஆம் நூற்றாண்டில் பிரிந்து கிடந்த பகுதிகளை ஒன்றாக்கிய சுல்தான் ஷம்சுதீன் இலியாஸ் ஷாவை 'ஷாஹி பங்காலா' என்று வரலாற்றாசிரியர்கள் குறித்தார்கள். நாடு விரிந்த பிறகே குடிசைக்கு அந்தப் பெயர் ஒட்டியிருக்க முடியும்.

கூரை ஏன் வளைந்தது என்பதற்கும் மழைதான் காரணம். மூங்கிலை முகட்டில் வளைத்துக் கட்டி, மேலே வைக்கோல் வேய்ந்தால், தண்ணீர் எங்கும் தங்காமல் இரு முனைக்கும் வழிந்துவிடும். சுல்தான்கள் காலத்தில் இந்த வளைவு செங்கல்லுக்கு மாறியது. மால்டா மாவட்டப் பண்டுவாவில் ஏக்லாகி கல்லறையின் இறவாரம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வளைந்திருக்கிறது. கௌரில் பிற்காலத்தில் வந்த ஃபத்தே கானின் கல்லறை அப்படியே ஒரு தோசாலாக் குடிசை. கூரை மசூதி, கோயில் என்று வேறுபாடு பார்க்கவில்லை. அது மேற்கேயும் பயணப்பட்டது. ஷாஜகான் 1633இல் லாகூர்க் கோட்டையில் கட்டிய நௌலகா மண்டபத்துக்கு இதே வளைந்த கூரை, பளிங்கில். ஆக்ரா கோட்டையில் அவர் மக்களுக்குத் தரிசனம் தந்த மண்டபத்தின் பெயரே 'பங்களா-இ-தர்ஷன்'. வைக்கோல் குடிசை அரண்மனைக்குள் நுழைந்தபோதும் தன் பெயரை விடவில்லை.

ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது சொல் மறுபடி தரையில் இறங்கியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனிக் கப்பலாட்கள் தங்கப் போட்ட குடிசைகளுக்குத்தான் அவர்கள் அந்தப் பெயரை எழுதினார்கள். அப்புறம் துரைமார் தங்கிய தாழ்வாரம் வைத்த வீடு, டாக் பங்களா, பயணியர் பங்களா என்று ஊர் ஊராக வளர்ந்தது. இங்கிலாந்தில் இன்றும் மாடியில்லாத வீடு என்றுதான் பொருள். தமிழிலோ மாடி ஏறிவிட்டது. பங்களா என்றால் நமக்குச் செல்வர் மாளிகை. தேனியில் பங்களாமேடு, கோபிசெட்டிபாளையம் பக்கம் பங்களாப்புதூர் என்று ஊர்ப்பெயர்களிலும் குடியேறிவிட்டது. ஒரே பெயரை நாம் இருமுறை வாங்கியிருக்கிறோம்: சோழர் காலத்தில் 'வ'வோடு வங்காளம், கம்பெனி காலத்தில் 'ப'வோடு பங்களா. இரண்டையும் ஒரே நாளில் பலமுறை சொல்கிறவர்களுக்கும் இவை ஒன்றென்று தெரிவதில்லை.

ஜோர் பாங்லாவின் சுவருக்குத் திரும்புவோம். கல் அரிதான ஆற்று மண் நாட்டில் மண்ணையே கல்லாக்கினார்கள். நாம் சுடுமண் என்கிறோம், வங்காளிகள் 'போடாமாட்டி' என்கிறார்கள், டெரகோட்டா என்ற இத்தாலியச் சொல்லுக்கும் சுட்ட மண் என்றே பொருள். ஈர மண் பலகையில் செதுக்கி, சூளையில் சுட்டு, சுண்ணாம்புக் காரையால் சுவரில் பதித்தார்கள். செய்தவர்கள் சூத்ரதர்கள், அதாவது நூல் பிடிப்பவர்கள். மரம், மண், ஓவியம் மூன்றும் அவர்கள் கையில் இருந்தன. அம்புப் படுக்கையில் பீஷ்மர், கண்ணனின் லீலைகள், வேட்டை, துப்பாக்கி ஏந்திய ஆட்களோடு போர்ப்படகுகள் என்று சுவரில் ஒரு சாண் இடம் வெறுமையாக இல்லை.

இந்தக் கோயில்களை வகைப்படுத்தி, பாங்லா, சாலா, ரத்னம் என்ற ஊர்ச்சொற்களை ஆய்வுச்சொற்களாக நிலைநிறுத்தியவர்களில் டேவிட் மக்கச்சனுக்குப் பெரிய இடம் உண்டு. ஆங்கிலேயர், ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆசிரியர். கிராமம் கிராமமாகப் போய்ப் படமெடுத்துக் குறித்தார். 1972இல் நாற்பதைச் சற்றே கடந்த வயதில் கல்கத்தாவில் இறந்தார்; அவருடைய பெருநூல் அதே ஆண்டில் வெளிவந்தது. வேற்று மொழிக்காரர் ஒருவர் கிராமத்தார் வாயிலிருந்த சொற்களை மாற்றாமல் எடுத்துக்கொண்டது பெரிய காரியம்.

கல்கத்தாப் பக்கமிருந்து பிஷ்ணுபூர் வழியே புருலியா போகும் ரயிலின் பெயர் ரூபசி பாங்லா. எல்லாரும் மார்கழி, தை மாதங்களில் போகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் போனேன். நீங்கள் ஒருமுறை ஆடியிலோ ஆவணியிலோ போங்கள். ஜோர் பாங்லா முன் குடை பிடித்து நின்று, அந்த வளைந்த இறவாரத்தின் இரு முனைகளிலும் தண்ணீர் இறங்குவதைப் பாருங்கள். சுவரைத் தொடாதீர்கள், விரல்கள் பட்டுப் பட்டுச் சுடுமண்ணும் தேயும்.