ஆங்கிலத்தில் ஜெரண்டும் இன்ஃபினிடிவும்

ஆங்கிலத்தில் ஒரு வினையைத் தொடர்ந்து இன்னொரு வினை வந்தால், இரண்டாவது வினை பெரும்பாலும் இரண்டு உருவங்களில் ஒன்றை எடுக்கும். வினையோடு ‘இங்’ விகுதி சேர்ந்தால் அது ஜெரண்ட்: ரீடிங், ஸ்விம்மிங். வினைக்கு முன்னால் ‘டு’ நின்றால் இன்ஃபினிடிவ்: டு ரீட், டு ஸ்விம். தமிழில் முன்னதற்குக் கிட்டத்தட்ட இணையானது தொழிற்பெயர் (படித்தல், படிப்பது). பின்னதற்கு இணை ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் (படிக்க). ‘என்ஜாய்’ என்ற வினை ஜெரண்டை மட்டும் ஏற்கும். ‘டிசைட்’ இன்ஃபினிடிவை மட்டும் ஏற்கும். ‘ஐ என்ஜாய் டு ரீட்’, ‘ஐ டிசைடட் கோயிங்’ இரண்டும் பிழை. எந்த வினை எதை ஏற்கும் என்று பள்ளி இலக்கண நூல்கள் நீண்ட பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. பட்டியல் வேண்டியதுதான். ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு ஓடுகிறது என்பதைப் பெரும்பாலான நூல்கள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன.

இரு உருவங்களின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் வினையைப் பெயராக்க ‘உங்’, ‘இங்’ என்ற விகுதிகள் இருந்தன. பெயரெச்சம் போன்ற வேலையைச் செய்யும் உருவத்துக்கு (பார்ட்டிசிபிள்) ‘எண்டெ’ என்ற வேறொரு விகுதி இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ‘இங்’ என்ற ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. அதனால்தான் இன்று ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்றால் தூங்குகிற குழந்தை, ‘ஸ்லீப்பிங் பில்’ என்றால் தூங்குவதற்கான மாத்திரை. உருவம் ஒன்றாகிவிட்ட பிறகு இரண்டு பெயர் எதற்கு என்று கருதி, மொழியியலாளர்கள் ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் ஜெரண்டையும் பார்ட்டிசிபிளையும் ஒரே வகையில் அடக்கிவிட்டது. வகுப்பறைகளில் பழைய பெயர்களே புழங்குகின்றன. வசதி கருதி இக்கட்டுரையும் அவற்றையே கையாள்கிறது.

இன்ஃபினிடிவின் முன் நிற்கும் ‘டு’ முதலில் திசை காட்டும் சொல்லாக இருந்தது. ‘லண்டனை நோக்கி’ என்பதில் வரும் ‘நோக்கி’ போன்றது. அது வேற்றுமை உருபேற்ற வினைப்பெயரோடு சேர்ந்து ‘எழுதுவதற்கு’ என்பது போன்ற பொருளைத் தந்தது. பிறகு உருபும் விகுதியும் தேய்ந்து போயின, ‘டு’ மட்டும் மிஞ்சியது. கேன், மஸ்ட் போன்ற துணைவினைகளுக்குப் பின்னும், மேக், லெட் ஆகியவற்றுக்குப் பின்னும் அந்த ‘டு’ கூட வராது. விசித்திரமாக, ‘மேக்’ செயப்பாட்டு வினையானதும் ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘தே மேட் ஹிம் வெய்ட்’, ஆனால் ‘ஹி வாஸ் மேட் டு வெய்ட்’.

பொருள் வேறுபாடு

‘டு’வின் அந்தத் திசைப் பொருள் இன்னும் முழுதாக அழியவில்லை என்பதே இந்தத் தேர்வின் அடிப்படை. இன்ஃபினிடிவ் இனிமேல் நடக்க வேண்டியதை, மனம் நோக்கிச் செல்லும் ஒன்றைக் குறிக்கும். ஜெரண்ட் நடந்ததை, நடப்பதை, அல்லது கண்முன் ஒரு பொருளாக வைத்துப் பேசப்படுவதைக் குறிக்கும். அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் போலிஞ்சர் 1968இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். நடந்த உண்மையென்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பேசும் வினைகள் ஜெரண்டோடு இயல்பாகச் சேர்வதை, பால் கிபார்ஸ்கியும் கேரல் கிபார்ஸ்கியும் 1970இல் விளக்கினர். வாண்ட், ஹோப், பிராமிஸ், அக்ரீ, ரெஃப்யூஸ், பிளான் ஆகியவை எல்லாம் இனி நடக்கப்போவதைப் பற்றிய வினைகள். எல்லாம் இன்ஃபினிடிவை ஏற்பவை. என்ஜாய், அட்மிட், டினை, ஃபினிஷ் ஆகியவற்றுக்கு எதிரில் ஒரு செயல் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். எல்லாம் ஜெரண்டை ஏற்பவை.

தமிழ் பேசுபவருக்கு இது புதிதல்ல. ‘வர மறுத்தார்’ என்பதற்கும் ‘வந்ததை மறுத்தார்’ என்பதற்கும் உள்ள தூரம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலாவதில் அவர் வரவில்லை. இரண்டாவதில் வந்தாரென்று யாரோ சொல்கிறார்கள். தமிழ் ஒரே வினையை வைத்துக்கொண்டு எச்சத்தையும் தொழிற்பெயரையும் மாற்றிக் காட்டும் இடத்தில், ஆங்கிலம் இரண்டு வினைகளையே வைத்திருக்கிறது: ‘ரெஃப்யூஸ்ட் டு கம்’, ‘டினைட் கமிங்’. ‘ஒப்புக்கொள்’ என்பதும் அப்படியே. வர ஒப்புக்கொண்டால் ‘அக்ரீட் டு கம்’, வந்ததை ஒப்புக்கொண்டால் ‘அட்மிட்டட் கமிங்’.

ஒரே ஆங்கில வினை இரண்டு உருவங்களையும் ஏற்றுப் பொருள் மாறும் இடங்கள்தான் தேர்வுத்தாள்களுக்குப் பிடித்தவை. கதவைப் பூட்ட மறந்தால் ‘ஃபர்காட் டு லாக்’. பூட்டியதை மறந்துவிட்டு மறுபடி மாடியேறிப் பார்த்தால் ‘ஃபர்காட் லாக்கிங்’. ‘ரிமெம்பர்’ இதற்கு நேர் இணை. ‘ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் சிகரெட்டை விட்டுவிட்டார், ‘ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால் சிகரெட் பிடிக்க வழியில் நின்றார். ‘ரிக்ரெட் டு இன்ஃபார்ம்’ என்று தொடங்கும் அலுவலகக் கடிதம் இனிமேல்தான் கெட்ட செய்தியைச் சொல்லப்போகிறது. ‘ரிக்ரெட் டெல்லிங்’ என்பவர் சொல்லித் தொலைத்ததற்கு வருந்துகிறார். ‘ட்ரை’ கொஞ்சம் நுட்பமானது. ‘ட்ரைட் டு ஓபன் த விண்டோ’ என்றால் ஜன்னலைத் திறக்க முயன்றார், திறந்ததா என்பது தெரியாது. ‘ட்ரைட் ஓபனிங் த விண்டோ’ என்றால் திறந்து பார்த்தார். ஜன்னல் திறந்தது, புழுக்கம் போனதா என்பதுதான் கேள்வி. தமிழின் ‘பார்’ என்னும் துணைவினை இந்தப் பொருளை அச்சாகத் தருகிறது.

விதி கசியும் இடங்கள்

எல்லாம் இப்படி ஒழுங்காக முடிவதில்லை. கன்சிடர், சஜஸ்ட், போஸ்ட்போன் ஆகியவை எதிர்காலத்தைப் பற்றியவை, ஆனாலும் ஜெரண்டையே ஏற்கின்றன. செயலை ஒரு யோசனையாக மேசைமேல் வைத்துப் பேசுவதால் அப்படி என்று விளக்கலாம். ஆனால் ‘மேனேஜ்’ அந்த விளக்கத்துக்கும் பிடிகொடுப்பதில்லை: ‘மேனேஜ்ட் டு ஃபினிஷ்’ என்றால் வேலை முடிந்தேவிட்டது, உருவமோ இன்ஃபினிடிவ். இங்கே மனப்பாடத்தைத் தவிர வேறு வழியில்லை. ‘ஹி சஜஸ்டட் டு கோ’ என்ற பிழை நம்மிடம் அடிக்கடி கேட்பதற்குக் காரணம், ‘போகச் சொன்னார்’ என்ற தமிழ் அமைப்பு பின்னாலிருந்து தள்ளுவதே.

முன்னிடைச்சொல்லுக்குப் பின் வருவது ஜெரண்ட் என்பது ஏறக்குறைய விலக்கில்லாத விதி: ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’, ‘குட் அட் குக்கிங்’. சிக்கல், ‘டு’வே சில இடங்களில் முன்னிடைச்சொல்லாக நிற்பது. இந்தியாவின் அலுவலக மின்னஞ்சல்களில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்ற முடிவுரை சர்வசாதாரணம். திருத்தமானது ‘டு மீட்டிங் யூ’. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ‘டு’வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்’ சரியாக ஒலிக்கிறது, எனவே அங்கே வர வேண்டியது ஜெரண்ட். ‘வாண்ட் டு த ஹாலிடேஸ்’ ஒலிக்காது. ‘யூஸ்ட் டு’ இரண்டு விதமாகவும் வரும்: ‘ஐ யூஸ்ட் டு வாக்’ என்றால் முன்பு நடப்பேன், ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’ என்றால் நடந்து பழக்கம்.

‘த வால் நீட்ஸ் பெயின்ட்டிங்’ என்பதில் ஜெரண்ட் செயப்பாட்டுப் பொருளைத் தருகிறது: சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டும். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் மேற்குப் பென்சில்வேனியா, ஒஹாயோ பகுதிகளிலும் இதையே ‘நீட்ஸ் பெயின்ட்டட்’ என்பார்கள். பொது ஆங்கிலம் அதை ஏற்பதில்லை. பிரிட்டனில் ‘லைக்’ ஜெரண்டோடு வந்தால் ரசனை, இன்ஃபினிடிவோடு வந்தால் ‘அப்படிச் செய்வது நல்லது’ என்ற வழக்கம். அமெரிக்கர் இந்த வேறுபாட்டை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ ஆகியவற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங் ரெய்னிங்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஸ்டார்ட்டிங் டு ரெய்ன்’ என்பார்கள். ஒரே உருவம் அடுத்தடுத்து வருவதை ஆங்கிலக் காது விரும்பாது. ஜெர்மன் மொழியியலாளர் குண்டர் ரோடன்பர்க் இதை ஒரு பொதுப் போக்காக ஆராய்ந்திருக்கிறார். கடந்த சில நூற்றாண்டுகளில் இன்ஃபினிடிவ் நின்ற பல இடங்களை ஜெரண்ட் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்திருப்பதையும் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் காட்டியுள்ளனர். பழைய நாவல்களில் ‘அக்கஸ்டம்ட் டு டூ’ என்றிருப்பதைக் கண்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். இன்று அது ‘டு டூயிங்’.

அகராதிகள்

பட்டியலை மனத்தில் ஏற்றும் சுமையைக் குறைத்ததில் ஏ. எஸ். ஹார்ன்பிக்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த அவரும் துணை ஆசிரியர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பை ஏற்கும் என்பதை எண் குறியீட்டால் அதில் குறித்திருந்தார்கள். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. பின்வந்த பதிப்புகள் குறியீடுகளைக் கைவிட்டு, அமைப்பையே சொற்களில் எழுதிக் காட்டுகின்றன: ‘அவாய்ட்’ என்ற பதிவைத் திறந்தால் ‘அவாய்ட் டூயிங் சம்திங்’ என்றே அச்சிட்டிருக்கும்.