தண்ணீருக்கு எழுதிக்கொடுத்த காணி

ரொறன்ரோவுக்குப் புதிதாக வரும் எங்கள் சனத்துக்கு ஒரு விசயம் பிடிபட நாளெடுக்கும். இவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவில் இவ்வளவு காடு ஏன்? எக்ளின்ரனிலோ லோறன்ஸிலோ பஸ்ஸில் போகும்போது திடீரென்று ஒரு பாலம் வரும். கீழே எட்டிப் பார்த்தால் ஆழமான பள்ளம், மரங்கள், அடியில் ஒரு சின்ன ஆறு. வீடு ஒன்றும் இராது. காணி என்ன விலை போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில் ஏக்கர் கணக்கில் சும்மா விட்டிருக்கிறார்களே என்று தோன்றும். "வெள்ளைக்காரனுக்கு மரமென்றால் உயிர்" என்று நாங்களே அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறோம்.

அந்த விளக்கம் பிழை. அந்தக் காணிகளில் பெரும்பகுதி 81 பேர் செத்த பிறகுதான் பச்சையாக விடப்பட்டது. காலநிலை மாற்றம், நகரத்தில் மரம் வளர்த்தல் என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறார்கள். இந்த நகரம் அந்தப் பாடத்தை எழுபது வருடத்துக்கு முன்னரே படித்தது. படித்ததில் பாதியைப் பிறகு மறந்தும் போனது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

நான் வரலாற்றாசிரியன் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றுபோனது. இங்கே வந்து கோப்பை கழுவத் தொடங்கி, இருபது வருடத்துக்கு மேலாக ரெஸ்ரோரன்ற் குசினியிலேயே நிற்கிறேன். ஆனாலும் புவியியல் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பான்.

ரொறன்ரோ தண்ணீரோடு கோபித்துக்கொண்டு வளர்ந்த நகரம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே நகர நடுவில் ஓடைகள் ஓடின. வீடுகளின் கழிவும் கடைகளின் கழிவும் அவற்றுக்குள் போய் நாறின. ஓடையைச் சுத்தமாக்குவதைவிடப் புதைப்பது மலிவு என்று கண்டார்கள். ரடில் கிறீக், கறிசன் கிறீக் என்ற இரண்டும் 1880களில் நிலத்துக்குக் கீழே கழிவுநீர்க் குழாய்க்குள் போயின. இன்றைக்கு ட்ரினிற்றி பெல்வூட்ஸ் பூங்காவில் இருக்கும் பள்ளம் அந்தக் கறிசன் ஓடை விட்டுப்போன அடையாளம். 1886இல் தொடங்கிய திட்டத்தில் வளைந்து வளைந்து ஓடிய டொன் ஆற்றின் கீழ்ப்பகுதியை நேராக வெட்டினார்கள். 1912க்குப் பிறகு அதன் வாயில் இருந்த அஷ்பிறிட்ஜஸ் பே சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பித் துறைமுகக் காணி ஆக்கினார்கள். ஒன்ராறியோ ஏரியின் மிகப்பெரிய சதுப்பு நிலங்களில் அதுவும் ஒன்று. ஆறு ஏரியில் விழுவதற்கு முன்னர் சடாரென்று செங்கோணத்தில் திரும்பி ஒரு கொங்கிறீற் வாய்க்காலால் போகவேண்டும் என்று ஆனது. எந்த ஆறும் அப்படித் திரும்ப விரும்பாது.

பிறகு 1954 வந்தது. ஹேசல் என்ற சூறாவளி ஹெயிற்றியில் பெரும் அழிவைச் செய்துவிட்டு, ஒக்ரோபர் 15ஆம் திகதி அமெரிக்காவின் கரோலினாக் கரையில் ஏறி, அன்றிரவே ரொறன்ரோவுக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே பெய்த மழையில் நிலம் ஊறிக் கிடந்தது. இனிக் குடிக்க மண்ணுக்கு வயிற்றில் இடமில்லை. விழுந்த மழை எல்லாம் ஆறுகளுக்குள் போனது. ஹம்பர் ஆற்றோரத்தில் றேமோர் டிறைவ் என்ற தெருவில் ஒரே இரவில் 35 பேர் இறந்தார்கள். மேலே இருந்த நடைபாலம் ஒரு கரையில் அறுந்து, தண்ணீரை அந்தத் தெருப்பக்கம் திருப்பிவிட்டது. நித்திரையில் இருந்த சனத்தோடு வீடுகள் போயின. உதவிக்குப் போன தொண்டர் தீயணைப்புப் படையினர் ஐந்து பேரும் அந்த இரவில் இறந்தார்கள். மொத்தம் 81 பேர். 1,868 குடும்பங்கள் வீடிழந்தன.

ஆற்றங்கரையில் ஏன் சனம் இருந்தது? இதைத்தான் நாங்கள் கவனிக்கவேண்டும். யுத்தம் முடிந்து வீட்டுத் தட்டுப்பாடு. எற்றோபிக்கோ கிறீக்கின் வாயில் லோங் பிறாஞ்ச் பகுதியில் கோடை காலத்துக்கென்று கட்டிய சின்னக் குடில்களில் குடும்பங்கள் வருடம் முழுவதும் குடியிருந்தன. மேட்டில் வீடு வாங்கக் காசு இல்லாதவர்கள் பள்ளத்துக்குப் போனார்கள். தண்ணீர் அவர்களைத் தேடி வந்தது.

அதற்குப் பிறகு அரசாங்கம் செய்த காரியம்தான் பெரிது. இன்றைக்கு எந்த அரசியல்வாதிக்கும் அந்தத் துணிவு வருமோ தெரியாது. வெள்ளம் ஏறும் நிலத்தில் திரும்ப வீடு கட்ட விடவில்லை. காணிகளைக் காசு கொடுத்து வாங்கினார்கள், தேவையான இடத்தில் சட்டப்படி எடுத்தார்கள். 1957இல் நான்கு ஆற்றுப் பாதுகாப்புச் சபைகளை ஒன்றாக்கி ரொறன்ரோப் பெரும்பாகத்துக்கு ஒரே சபை அமைத்தார்கள். எங்கள் ஸ்காபரோவின் ஹைலண்ட் கிறீக்கும் றூஜ் ஆறும் அதற்குள் வந்தன. றேமோர் டிறைவ் தெருவில் வீடுகள் போன இடம் பூங்கா ஆனது. லோங் பிறாஞ்சில் குடில்கள் இருந்த இடம் மறி கேர்ட்டிஸ் பூங்கா ஆனது. ஊரில் காணிக்கு உறுதி எழுதுவது போல, பள்ளத்தாக்குகளைத் தண்ணீருக்கு எழுதிக்கொடுத்தார்கள். இன்று இந்தப் பள்ளத்தாக்குகள் ஏறக்குறைய 11,000 ஹெக்ரேயர், நகரத்தின் பரப்பில் 17 வீதம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோழி வாட்டும் பூங்காக்கள் பலவும் இப்படி வந்தவைதான்.

சரி, அப்படியென்றால் ஏன் இன்னும் வெள்ளம் வருகிறது?

பள்ளத்தைக் காப்பாற்றினார்கள், மேட்டை மறந்தார்கள். 1950களிலிருந்து 70கள் வரை ஸ்காபரோவின் தோட்டக் காணிகளில் வீடுகளும் பிளாசாக்களும் அகலத் தெருக்களும் வந்தன. முன்னர் மழை மண்ணுக்குள் இறங்கி ஆறுதலாக ஆற்றுக்குப் போனது. இப்போது கூரை, தார், சீமெந்து. விழும் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் குழாய்க்குள் பாய்கிறது. குழாய் எப்போதோ கணக்குப் பார்த்துப் போட்ட அளவில்தான் இருக்கிறது. நிரம்பினால் தண்ணீர் பின்பக்கமாகத் திரும்பும். திரும்பி முதலில் ஏறும் இடம் எது? நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ற்.

2005 ஓகஸ்ற் 19 எனக்கு நல்ல ஞாபகம். வெள்ளிக்கிழமை பின்னேரம். பிளாக் கிறீக்குக்கு மேலால் போகும் பிஞ்ச் மேற்கு வீதி உடைந்து பள்ளத்துக்குள் விழுந்த நாள். நானும் இன்னும் இரண்டு பெடியளும் அப்போது ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். வேலை முடிந்து இரவு வந்து பார்த்தால் முழங்கால் தண்ணீர். மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, கழிவறைத் தண்ணீரும் நிலத்து வடிகான் வழியாக மேலே வந்திருந்தது. மெத்தை, உடுப்பு போனது பரவாயில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்த பையில் அம்மாவின் கடிதங்களும் என் பல்கலைக்கழகப் புள்ளிப் பத்திரமும் இருந்தன. வன்னியையும் கடலையும் தாண்டி வந்த கடதாசி, ஸ்காபரோவில் ஊறிப் போனது. வீட்டுக்காரருக்குக் காப்புறுதி கிடைத்தது. எங்களுக்கு அந்த மாத வாடகையில் பத்து டொலர்கூடக் குறையவில்லை.

அதற்குப் பிறகும் வந்தது. 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. ஹேசல் நாளில் அங்கே பதிவானது 121.4. டொன் பள்ளத்தாக்கில் கோ ரயில் ஒன்று வெள்ளத்துக்குள் நின்றுபோக, அதில் இருந்த சுமார் 1,400 பேரைப் படகில் இறக்கினார்கள். 2024 ஜூலை 16ஆம் திகதி 97.8 மில்லிமீற்றர். அடுத்த மாதம் ஓகஸ்ற் 17ஆம் திகதி 128.3. எழுபது வருடத்துக்கு முன்னர் ஒரு சூறாவளி வந்து கொட்டிய அளவை இப்போது பெயர் இல்லாத கோடை மழைகள் கொட்டுகின்றன. சூடேறிய காற்று கூடுதலாக நீராவியைச் சுமக்கும், விடும்போது மொத்தமாக விடும். இதுதான் காலநிலை மாற்றம் என்ற பெரிய சொல்லுக்கு எங்கள் வீட்டு அர்த்தம்.

நகரசபை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். கூரைப் பீலித் தண்ணீரைக் குழாய்க்குள் விடாமல் புல்லில் விடவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்து, 2016க்குள் நகரம் முழுவதற்கும் விரித்தார்கள். 2009இல் பச்சைக் கூரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கூரையில் 20 முதல் 60 வீதம் வரை செடிகள் வளர்க்கவேண்டும் என்ற இந்தச் சட்டத்தை வட அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த நகரம் இதுதான். கூரை மண் மழையைப் பிடித்துவைத்து மெதுவாக விடும், வெயிலில் கட்டடத்தைக் குளிராக்கும். எங்கள் பக்கத்தில் டொன் பள்ளத்தாக்கிலிருந்து றூஜ் வரை 16 கிலோமீற்றருக்கு மின்கம்பிக்குக் கீழே கிடந்த வெட்டுப் புல்லை மாற்றி, காட்டுப் பூச்செடிகளும் ஆழவேர்ப் புற்களும் வளர்க்கிறார்கள். மெடோவே என்று பெயர். எங்கள் பெரியவர்கள் பலர் அங்கேதான் நடக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டொன் ஆற்று வாயில் நடந்த வேலை. 2017இல் மூன்று அரசாங்கங்களும் சேர்ந்து 1.25 பில்லியன் டொலர் ஒதுக்கி, அந்தச் செங்கோண மூலைக்கு மாற்றாகச் சுமார் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குப் புது ஆறு வெட்டினார்கள், வளைவோடும் சதுப்போடும். தோண்டும்போது ஒரு அதிசயம். நூறு வருடமாகப் புதைந்து கிடந்த பழைய சதுப்பு மண் வெளியே வந்ததும், அதற்குள் இருந்த விதைகள் கோரையாகவும் சம்பாகவும் முளைத்தன. 2024இல் புது ஆற்றில் தண்ணீர் ஓடியது. 2025 ஜூலையில் அங்கே பீடாசிகே பூங்கா திறந்தார்கள். நிரப்புவதற்கு ஒருமுறை செலவு, நிரப்பியதைத் தோண்டுவதற்கு இன்னொருமுறை செலவு.

இது கனடாக் கதை மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம். குளத்தில் நிற்கும் மழைதான் இறங்கிக் கிணற்றுக்கு வரும். குளத்தைத் தூர்த்துக் கடை கட்டினால் மழைக்கு வெள்ளம், கோடைக்கு உப்புக் கிணறு. கொழும்பில் 2010 நவம்பர் மாதம் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகுதான் சதுப்பு நிலங்களைப் பற்றி அங்கே கவலையோடு பேசத் தொடங்கினார்கள். 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. சென்னைப் பள்ளிக்கரணையில் சதுப்பைத் தின்று வளர்ந்த பகுதிகள் 2015இல் எப்படி மிதந்தன என்று எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

இப்போது இங்கே திரும்பவும் வீட்டுத் தட்டுப்பாடு. 1954ஐப் போல. 2022இல் வீடு கட்டுவதை வேகப்படுத்துகிறோம் என்று மாகாண அரசு கொண்டுவந்த சட்டம், இதே பாதுகாப்புச் சபைகள் கட்டடத் திட்டங்கள் மேல் கருத்துச் சொல்லும் எல்லையைச் சுருக்கியது. அதே வருடம் பசுமை வளையத்திலிருந்து 7,400 ஏக்கரை எடுக்கப் பார்த்தார்கள். றூஜ் பூங்காவுக்குப் பக்கத்து விவசாய நிலமும் அதற்குள் இருந்தது. சனம் சத்தம் போட்டதால் 2023 செப்ரெம்பரில் பின்வாங்கினார்கள். "புதிதாக வருகிறவர்களுக்கு வீடு வேண்டாமா?" என்பதுதான் இதற்கெல்லாம் சொல்லும் நியாயம். அகதியாக வந்து, பேஸ்மென்றில் இருந்து, தண்ணீரில் சாமான் இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்களுக்கு வீடு வேண்டும். மேட்டில் வேண்டும். பிளாசாக்களின் வெறும் கார் தரிப்பிடங்களில் மாடிவீடு கட்டலாம், இடம் தாராளமாக இருக்கிறது. எங்கள் பெயரைச் சொல்லிச் சதுப்பையும் பள்ளத்தையும் விற்கவேண்டாம். அங்கே கட்டினால் குடியேறப்போவதும் எங்களைப் போன்ற ஆட்கள்தான்.

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கோபித்தாலும் பரவாயில்லை. ஒருகாலத்தில் பேஸ்மென்றில் இருந்தவர்கள் இன்று மேலே வீட்டுக்காரர். வந்தவுடன் செய்யும் முதல் வேலை, முன் புல்லைக் கிளறி எறிந்துவிட்டு மூன்று கார் நிற்கக் கல் பதிப்பது. மரம் இருந்தால் வேர் அத்திவாரத்தை உடைக்கும் என்று பயம், இலை கூட்டப் பஞ்சி. அந்தக் கல்லில் விழும் மழை எங்கேயும் மறைந்து போகாது. குழாய்க்குள் போய், அதே தெருவில் இருக்கும் இன்னொரு பேஸ்மென்றில் ஏறும். அங்கே போன மாதம் ஊரிலிருந்து வந்த ஒரு பிள்ளை தன் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கும்.

வீட்டுக்கு முன்னால் இருக்கும் நகரசபைக் காணித் துண்டில் அவர்களே இலவசமாக மரம் நடுவார்கள். 311க்கு அடித்துக் கேட்டால் போதும். நகரத்தில் மரநிழல் 2018 கணக்கெடுப்பில் 30 வீதம் அளவில் இருந்தது, 2050க்குள் 40 ஆக்கவேண்டும் என்பது இலக்கு. மரம் ஆளாக இருபது வருடம் எடுக்கும். ஆகவே இந்த வருடமே கேளுங்கள். வாடகைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், வடிகானில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வையும் போட்டுவிடுங்கள். அதற்கு நகரசபை உதவிப்பணமும் தருகிறது.